குருத்தோலை ஞாயிறும் ஒரு சிப்பம் கருப்பட்டியும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. போன வாரம் உங்க பேப்பர்ல லெந்து காலத்தை, அதான் ஈஸ்டருக்கு முன்ன வர்ற தவக்காலத்தைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. நாப்பது நாள் கறி மீன் தொடாம இருக்கது, காலைச் சாப்பாட்ட விட்டுட்டு ஜெபத்துல உக்காருறது, சீரியல் பாக்கத நிறுத்தி வைக்கிறது, அதுல மிச்சமாவுற காசை கவர்ல போட்டு கோயில்ல காணிக்கையா குடுக்கதுன்னு நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, நானே கத்தரிச்சு பைபிளுக்குள்ள வச்சிருக்கேன். ஆனா ரெண்டு நாளா ஒரு யோசனை விடவே மாட்டேங்குது. நாப்பது நாள் வாயக் கட்டுறோமே, அந்த நாப்பது நாளும் நம்ம கல்லாப்பெட்டி எப்படி இருந்துச்சு, தராசு எப்படி இருந்துச்சு, நம்மகிட்ட வேலை பாக்குறவங்களுக்கு சனிக்கிழமை கூலி சரியா போச்சான்னு அந்தக் கட்டுரையில ஒரு வரி கூட இல்லியே. எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் கருப்பட்டி யாவாரம், அதனால அத வச்சே சொல்லுதேன். எடம் பத்தலைன்னா மத்தத வெட்டிக்கோங்க, கருப்பட்டி விஷயத்த மட்டும் வெட்டிராதீங்க.

நான் உடன்குடிக்கும் மெய்ஞ்ஞானபுரத்துக்கும் நடுவுல உள்ள ஒரு ஊர்க்காரி. 1994ல கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தேன், அன்னையிலிருந்து எங்க வீட்டுக்காரரோட சேந்து கடையில இருக்கேன். பலசரக்குதான், ஆனா சீசன்ல கருப்பட்டி மொத்தமா எடுத்து சிப்பம் போட்டு வெளியூருக்கு அனுப்புவோம். எங்க அம்மாவப் பெத்த தாத்தா பனையேறி. மார்புல காய்ப்பு ஏறிப் போய் தோலு செருப்பு மாதிரி இருக்கும், சின்னப்பிள்ளையில அதத் தடவிப் பாத்துட்டே தூங்குவேன்.

கருப்பட்டி எப்படி வருதுன்னு டவுன்ல உள்ளவங்களுக்குத் தெரியாது, அதனால சொல்லுதேன். பனையேறி விடியுமுன்ன அருவாப்பெட்டிய இடுப்புல கட்டிட்டு ஏறணும், 50 அடி 60 அடி மரம், ஒருத்தர் 30, 40 பனை பாப்பாரு, காலையில ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா ஏறி எறங்கணும். பாளைய லேசா சீவி விட்டு, சுண்ணாம்பு தடவுன கலயத்த கட்டி வச்சு, சொட்டு சொட்டா விழுகுற பயினிய, அதான் பதநீர, எறக்கி விடிலிக்குக் கொண்டு வரணும். சுண்ணாம்பு தடவலைன்னா பயினி புளிச்சு கள்ளாயிரும். விடிலிங்கறது ஓலைக் கொட்டகை, உள்ள பெரிய அடுப்பு, அங்கதான் பொம்பளைங்க வேலை. ரெண்டு மூணு மணி நேரம் காய்ச்சணும், பொங்கி வந்தா ஆமணக்கு முத்த நசுக்கிப் போட்டு அடக்கணும், பதம் பாத்து எறக்கி சிரட்டையில ஊத்தணும். பதம் கொஞ்சம் முந்துனா இளகிரும், பிந்துனா கருகிரும். எங்க ஆச்சி கணக்குல ஏழெட்டு லிட்டர் பயினி ஊத்துனாத்தான் ஒரு கிலோ தேறும். மார்ச், ஏப்ரல், மே வெயில்ல அந்த விடிலிக்குள்ள ஒரு பத்து நிமிஷம் நின்னு பாருங்க, அப்பத் தெரியும்.

இப்ப சீனி கத. சீனி கிலோ 45 ரூவா. சுத்தமான கருப்பட்டி 300, 400னு போவுது. பயினி கொதிக்கும்போது சீனிய தட்டி விட்டா எடை கூடும், கெட்டியா நிக்கும், மழைக்காலத்துல இளகாது, லாரில போனாலும் உடையாது. சுத்தமான கருப்பட்டிக்கு மழைக்காத்து ஆகாது, கசிஞ்சு ஒட்டும், அத அடுப்பு மேல பரண்ல வச்சுத்தான் பாதுகாக்கணும். வாங்குறவருக்கு அது தெரியாது, ஒட்டுற கருப்பட்டிய கெட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்புவாரு, சீனி போட்டத நல்ல சரக்குன்னு எடுத்துக்குவாரு. 2023ல உடன்குடி கருப்பட்டிக்கு புவிசார் குறியீடு கெடச்சுது, எங்க ஊரே சந்தோஷப்பட்டுது, ஆனா எங்கயோ காய்ச்சுன சீனிக் கட்டி கூட இன்னைக்கு உடன்குடின்னு பேரு போட்ட டப்பாவுல போவுது. உணவு பாதுகாப்பு அதிகாரிங்க அப்பப்ப வந்து பாத்துட்டுத்தான் இருக்காங்க, அவங்க எத்தன விடிலிக்குள்ள போவ முடியும்?

நாங்களும் கலந்த சரக்குதான் வித்தோம் ஐயா. நாங்களா கலக்கல, ஆனா கலந்ததுன்னு தெரிஞ்சே எடுத்தோம், கலக்காததுன்னு சொல்லி வித்தோம். ஒரு ஏழு எட்டு வருஷம். ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போனோம், பெண்கள் ஐக்கிய சங்கத்துல நான் பொறுப்புல இருந்தேன், வீட்ல காலை மாலை குடும்ப ஜெபம் நடக்கும், கடையில கல்லாப்பெட்டிக்கு மேல வசனக் காலண்டர் தொங்கும். ஒரு நாள் திருச்செந்தூர் பக்கத்துலருந்து ஒரு அம்மா வந்தாங்க, மக சமைஞ்சிருக்கா, உளுந்தங்களி கிண்டணும், இடுப்புக்கு பலம் வேணும்னு நல்ல கருப்பட்டியா குடுங்கன்னாங்க, கூட வந்த பொம்பளகிட்ட "இது வேதக்காரங்க கடை, ஏமாத்த மாட்டாங்க"ன்னு சொன்னாங்க. நான் அஞ்சு கிலோ நிறுத்துக் குடுத்தேன். சீனி போட்டதுதான். அந்த அம்மா முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த ரூவாய எண்ணிக் குடுத்தத இன்னைக்கும் நெனச்சா எனக்கு வயித்தப் பெசையும். யேசப்பாவோட பேர வச்சு நான் சீனி வித்திருக்கேன், அதுக்கு வேற பேரு வைக்க எனக்குத் தெரியல.

அப்பவும் நான் திருந்தல. திருத்துனது ஒரு கிழவி.

2018 ஈஸ்டர். எங்க கோயில்ல விடியக்காலம் ஆராதனை முடிஞ்சதும் எல்லாருக்கும் கருப்பட்டி காப்பி குடுப்பாங்க, அந்த வருஷம் கருப்பட்டி எங்க கடை உபயம், நானே சந்தோஷமா பத்து கிலோ சிப்பம் ஒண்ணு அனுப்பி வச்சேன். இன்னும் நல்லா விடியல, மைதானத்துல வரிசையா நிக்காங்க, வெள்ளைச் சேலை கட்டுன ஒரு பாட்டி, அவங்க வீட்டுக்காரர் பனையிலருந்து விழுந்து செத்தவரு, நாப்பது வருஷம் விடிலியில பயினி காய்ச்சுன கை, டம்ளர ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு வாய் குடிச்சாங்க. குடிச்சிட்டு அப்படியே நின்னாங்க. நாக்க அண்ணத்துல ஒருக்கா தட்டிப் பாத்தாங்க. அப்பறம் யாரையும் பாக்காம, மெதுவா, "இதுல சீனிதாம்லா நிக்குது மக்கா"ன்னாங்க. அவ்வளவுதான். திட்டல, கேள்வி கேக்கல, யார் குடுத்த கருப்பட்டின்னும் அவங்களுக்குத் தெரியாது. மிச்சக் காப்பிய கீழ ஊத்தாம குடிச்சு முடிச்சு டம்ளர கழுவி வச்சிட்டுப் போனாங்க. நான் பக்கத்துல தூக்குவாளிய பிடிச்சிட்டு நின்னேன், எனக்கு கை நடுங்கி காப்பி காலுல சிந்திட்டுது. கர்த்தர் உயிர்த்தெழுந்தார்னு அஞ்சு நிமிஷத்துக்கு முன்ன சத்தமா சொல்லிட்டு வந்த வாய் என்னோடது.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவுக கோவப்பட்டாக. "ஊர்ல எல்லாரும் பண்ணுதான், நாம மட்டும் விட்டா கடைய மூடணும், ரெண்டு பிள்ள படிக்குது"ன்னாக. அது பொய் இல்ல, உண்மைதான், கணக்குப் போட்டா அப்படித்தான் வருது. நான் ஒண்ணும் பேசல, லூக்கா 19ம் அதிகாரத்த எடுத்து அவுகளையே வாசிக்கச் சொன்னேன். சகேயு கத நம்ம ஞாயிறு பள்ளி பிள்ளைங்களுக்குக் கூட மனப்பாடம், வரி வசூலிக்கிறவன், குள்ளமா இருந்தான், காட்டத்தி மரத்துல ஏறுனான், யேசு எறங்கி வான்னாருன்னு. அதுக்கு அப்பறம் வர்றத நாம ஓட்டிருவோம். சகேயு எழும்பி நின்னு, நான் ஒருத்தன்கிட்ட அநியாயமா வாங்கியிருந்தா நாலத்தனையா திருப்பிக் குடுக்கேன்னு சொல்லுதான், அப்பறம்தான் இன்னைக்கு இந்த வீட்டுக்கு ரட்சிப்பு வந்துச்சுன்னு ஆண்டவர் சொல்லுதாரு. யேசு மரத்தடியில நின்னு கூப்பிட்டப்ப சொல்லல, வீட்டுக்குள்ள வந்தப்ப சொன்னதாவும் எழுதல, பணத்தப் பத்தி அவன் வாயத் தெறந்ததுக்கு அப்பறம்தான் அந்த வார்த்தை வருது. எங்க வீட்டுக்காரர் அத ரெண்டு தடவ வாசிச்சிட்டு லைட்ட அணைச்சிட்டாக. ஒரு வாரம் என்கிட்ட சரியாப் பேசல.

அதுக்கு அப்பறம் நாங்க செஞ்சது பெருசா ஒண்ணுமில்ல. கடையில ரெண்டு ஓலைப்பெட்டி வச்சோம். ஒண்ணுல சுத்தமானது, ஒண்ணுல கலந்தது, கலந்ததுல அட்டையில "சீனி சேர்த்தது"ன்னு பெருசா எழுதி ஒட்டுனோம். மொத வருஷம் ஆளுங்க சிரிச்சாங்க, நஷ்டம்தான் வந்துச்சு, வெளியூர் பார்ட்டி ரெண்டு பேரு எங்கள விட்டுட்டு வேற எடத்துக்குப் போயிட்டாங்க, சுத்தமானது மழைக்காலத்துல இளகி ஒரு பத்து கிலோ வீணாப் போச்சு. எம் மகளோட ஹாஸ்டல் பீஸ் கட்ட வளையல அடகு வச்சேன். கர்த்தர் உடனே நூறு மடங்கா திருப்பிக் குடுத்தாருன்னு சாட்சி சொல்ல எனக்கு ஆசைதான், ஆனா அப்படி நடக்கல. மூணாவது வருஷம் கலந்த பெட்டிய எடுத்துட்டோம். இப்ப யாவாரம் முன்ன இருந்ததுல பாதிதான், கடன் இல்ல, அது போதும். அந்த திருச்செந்தூர் அம்மா பேரும் ஊரும் எனக்குத் தெரியாது, நாலத்தனையா எங்க போய் குடுக்க? ஒவ்வொரு வருஷமும் சீசன் மொத சரக்குலருந்து அந்த அஞ்சு கிலோவ நாலு மடங்கா, 20 கிலோவா, பிள்ள பெத்த வீட்டுக்கும் சமைஞ்ச பிள்ள உள்ள வீட்டுக்கும் சும்மா குடுத்துருதேன், எந்த சாதி எந்த மதம்னு பாக்கது இல்ல. அது அந்த அம்மாவுக்குப் போய்ச் சேராதுன்னு தெரியும்.

ஒண்ணு சொல்லணும், கலப்படம்னா உடனே விடிலிக்காரங்க மேல பழி போடுதாங்க. அது அநியாயம். சீசனுக்கு முன்ன யாவாரிதான் முன்பணம் குடுக்கான், அதுக்குப் பதிலா அவன் சொன்ன வெலைக்கு சரக்கப் போடணும். சுத்தமா காய்ச்சுனாலும் அதே வெல, கலந்தாலும் அதே வெல. மரத்துலருந்து விழுந்தா ஆஸ்பத்திரி செலவுக்கு அதே யாவாரிகிட்டதான் போய் நிக்கணும். இந்த நெலமையில சுத்தமா காய்ச்சுறவங்க இன்னும் இருக்காங்கல்லா, அதுதான் எனக்கு அதிசயம். பாவம் சீனி மூட்டையில தொடங்கல, எங்க மாதிரி யாவாரி வீட்டு நோட்டுல தொடங்குது. யாக்கோபு நிருபம் அஞ்சாம் அதிகாரத்துல வயல அறுத்தவனோட கூலிய பிடிச்சு வச்சா அந்தக் கூலியே கூக்குரல் போடுதுன்னு எழுதியிருக்கு, சேனைகளுடைய கர்த்தரோட காதுல அது விழுதாம். அறுத்தவனுக்கு சொன்னது ஏறுனவனுக்கும்தான். நாங்க இப்ப முன்பணத்த வெலையோட சேக்கது இல்ல, தனியா எழுதி தனியா கழிக்கோம், சுத்தமா காய்ச்சுனவங்களுக்கு கிலோவுக்கு 60 ரூவா கூடக் குடுக்கோம்.

எங்க சபைகளோட சரித்திரமே இந்த மரத்துலதான் இருக்கு ஐயா. 1799ல முதலூர்னு மொத கிறிஸ்தவ ஊர் உண்டானது இந்த செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம்தான் (மஸ்கோத் அல்வாவுக்கு இன்னைக்கு பேர் வாங்குன அதே முதலூர்). 1841ல கால்டுவெல் ஐயர் இடையன்குடிக்கு வந்தாரு, அங்க கட்டுன கோயில் பிரதிஷ்டையாக 1880 ஆச்சு. மெய்ஞ்ஞானபுரத்துல ஜாண் தாமஸ் ஐயர் கட்டுன கோயில் கோபுரம் 192 அடி, ரொம்ப தூரத்துலருந்தே தெரியும். வெளிநாட்டுப் பணம் வந்துச்சு, இல்லைன்னு சொல்லல, ஆனா பனையேறிங்க குடுத்த காசும் கருப்பட்டியும் பிடி அரிசியும் சேந்துதான் இந்த சபைங்க நின்னுச்சு. பக்கத்து வெள்ளாளன்விளையில 1874ல பிறந்த அசரியா ஐயா 1903ல மத்தவங்களோட சேந்து இந்திய மிஷனெரி சங்கத்த பாளையங்கோட்டையில ஆரம்பிச்சாரு, சுவிசேஷம் சொல்ல நம்ம ஆளுங்களே நம்ம காசுல போவணும்னு. அந்தக் காசுக்கும் பயினி வாசம் இருந்திருக்கும்னு நான் நெனைக்கேன். அந்தத் தலைமுறை குடுத்த ஒரு துட்டுல சீனி இல்ல. எங்க பிரசங்கத்துல இத ஏன் யாரும் தொட மாட்டேங்காங்க? பரலோகத்தப் பத்தி, கடைசி காலத்தப் பத்தி, ஆசீர்வாதத்தப் பத்தி கேட்டுருக்கேன். லேவியராகமம் 19ல சுமுத்திரையான (கள்ளமில்லாத) தராசும் சுமுத்திரையான நிறைகல்லும் உங்களுக்கு இருக்கணும்னு கர்த்தர் சொன்னத வச்சு எங்க சபையில ஒரு பிரசங்கம் கூட நான் கேட்டது இல்ல, உக்காந்திருக்கதுல பாதிப் பேரு யாவாரிங்க. குருவானவர்மாருக்கு சங்கடம்னு புரியுது, அந்த முன் பெஞ்சுல நானும் உக்காந்தவதானே.

அடுத்து வருது குருத்தோலை ஞாயிறு, ஈஸ்டருக்கு முந்துன ஞாயித்துக்கெழம. தமிழ்நாட்டோட மாநில மரம் பனை, எங்களுக்கு அதுதான் குருத்தோலை மரம். பிள்ளைங்க எல்லாம் ஓலைய சிலுவையா முடைஞ்சு, கையில பிடிச்சு ஓசன்னா பாடிட்டு தெருவச் சுத்தி வருவோம். அந்த ஓலைய வெட்டிக் கொண்டு வர்றது எங்ககிட்ட சரக்குப் போடுற ஒரு பனையேறி அண்ணன். வருஷா வருஷம் காலையில நாலரை அஞ்சு மணிக்கு கட்டா கட்டி கோயில் வாசல்ல வச்சிட்டுப் போயிருவாரு. கூலி வாங்க மாட்டாரு, கோயிலுக்குத்தானன்னு சொல்லுவாரு, நாங்களும் குடுக்க மாட்டோம். போன வருஷம் நான் கேட்டேன், அண்ணாச்சி நீங்க ஏன் ஊர்வலத்துக்கு நிக்க மாட்டேங்கீங்கன்னு. "இப்ப சீசன்லா தங்கச்சி, பாளைய ஒரு நாள் சீவாம விட்டா பயினி நின்னு போவும், மரத்துக்கு ஞாயித்துக்கெழம ஏது"ன்னாரு. ஆராதனை எட்டரைக்கு, அந்நேரம் அவரு ஏதாவது ஒரு பனை உச்சியில இருப்பாரு, எறங்கி வந்து பயினிய விடிலியில ஊத்தி குளிச்சு முடிக்க பதினொண்ணு ஆயிரும். சீசன் நாலஞ்சு மாசமும் அப்படித்தான். கோயிலுக்கு வராத ஆளுன்னு அவரு பேர சங்கக் கூட்டத்துல ஒருத்தர் சொன்னத எங் காதால கேட்டேன். அப்ப எனக்கு வாய் தெறக்கல, அது இன்னும் உறுத்துது.

இந்த லெந்துல நான் கறி மீன விடல, அது வேற விஷயம், எனக்கு ரத்தம் கொறவுன்னு டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்காரு. அதுக்குப் பதிலா எங்க கோயில் கமிட்டிக்கு ஒரு மனு எழுதிக் குடுத்திருக்கேன். மூணு விஷயம்தான் கேட்டிருக்கேன். குருத்தோலைக்கு கோயில் கணக்குலருந்து அந்த அண்ணனுக்கு கூலி குடுக்கணும். ஈஸ்டர் காப்பிக்கு வாங்குற கருப்பட்டிய யாரும் உபயம்னு தள்ளி விடாம, சுத்தமா காய்ச்சுற விடிலியிலருந்து நேரடியா அவங்க கேக்குற வெலைக்கு வாங்கணும். மூணாவது, பிப்ரவரிலருந்து ஜூன் வரைக்கும் ஞாயித்துக்கெழம ராத்திரி எட்டு மணிக்கு ஒரு ஆராதனை வைக்கணும், சாயங்கால ஏத்தம் எறங்கி குளிச்சிட்டு வர்றவங்களுக்காக, அரை மணி நேரம் போதும், மைக்செட் கூட வேண்டாம். ஆறு பேரு கையெழுத்துப் போட்டிருக்கோம், அதுல ஒண்ணு எங்க வீட்டுக்காரரோடது, நான் கேக்காமலே வந்து போட்டாக.

கமிட்டி கூட்டம் வர்ற வியாழக்கிழமை. அதுக்கு முன்ன இந்தக் கடிதம் பேப்பர்ல வந்தா உதவியா இருக்கும் ஐயா, எங்க கமிட்டிக்காரங்க எல்லாரும் காலையில மொதல்ல உங்க பேப்பரத்தான் பிரிக்காங்க.

இப்படிக்கு,
உங்க வாசகி ஒருத்தி,
மெய்ஞ்ஞானபுரம் பக்கம், தூத்துக்குடி மாவட்டம்